வாசிக்கத் தெரிந்த வரைபடத்தை வரையவும் கற்போம்

வரைபடம் வாசிப்பது எமது பாடசாலைகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வரும் ஒரு திறமை. 1:50,000 அளவுத்திட்டத்தில் அமைந்த இடவிளக்கப் படத்தை மேசையில் விரித்து வைத்தால், சமவுயரக்கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் சரிவு அதிகம், விலகியிருக்கும் இடத்தில் குறைவு என்று எமது பிள்ளைகள் தடுமாற்றமின்றிச் சொல்வார்கள். வயலுக்கு என்ன குறியீடு, குளத்துக்கு என்ன நிறம், வீதிக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் படத்தை ஆக்கியவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்ற கேள்விகள் வகுப்பறையில் எழுவது குறைவு. வரைபடம் என்பது, 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம் போன்ற ஓரிடத்திலிருந்து எமக்கு வந்து சேரும் பொருள். நாம் அதை வாசிப்பவர்கள் மட்டுமே என்ற எண்ணம் எம்முள் ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று ஒரு சாதாரண மடிக்கணினியும் ஓர் இலவச மென்பொருளும் இருந்தால், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஊரின் வரைபடத்தைத் தானே ஆக்கலாம். ஆக்கலாம் என்பதோடு நில்லாமல், ஆக்கக் கற்க வேண்டும் என்றே நான் சொல்வேன். தொழில்வாய்ப்பு அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் முதற்காரணம் அதுவன்று. எமது ஊர்களைப் பற்றிய தீர்மானங்கள் வரைபடங்களை முன்னால் வைத்தே எடுக்கப்படுகின்றன. வரையத் தெரிந்தவருக்குத்தான் பிறர் வரைந்ததைக் கேள்வி கேட்கவும் தெரியும்.

ஒரு கோட்டின் விலை

கிழக்குக் கரையோரத்தில் வாழும் எமக்கு இதற்கு உதாரணம் தேடத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து போன பின்னர், கரையோரத்தில் வீடு கட்டக் கூடாத வலயம் ஒன்று அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அந்த அளவுகள் தளர்த்தப்பட்டன. ஆனால் கடலுக்கும் வட்டைக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக வாழும் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் 200 மீற்றர் என்பது வெறும் இலக்கமன்று. எத்தனையோ குடும்பங்களின் வளவு, கிணறு, தென்னை, பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க வைத்திருந்த காணி எல்லாம் அந்த இலக்கத்துக்குள் அடங்கின.

வரைபட மென்பொருளில் இப்படியான ஒரு வலயத்தை வரைய எவ்வளவு நேரம் எடுக்கும்? கரையோரக் கோட்டைத் தெரிவு செய்து, உரிய கட்டளையை அழுத்தி, 200 என்று தட்டச்சுச் செய்தால் சில விநாடிகளில் முடிந்துவிடும். அளவு எந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறது? அதற்குள் எத்தனை கூரைகள் விழுகின்றன? 200க்குப் பதிலாக 100 என்றிட்டால் எத்தனை மிஞ்சும்? நிலம் உயர்ந்த இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் ஒரே தூரம் பொருந்துமா? இக்கேள்விகளுக்கு விடை காண்பதும் அதே மென்பொருளில் இன்னும் சில நிமிட வேலைதான். அந்த வேலையைச் செய்து, விடையைப் படமாகக் கூட்டத்தில் வைக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பது, பத்து மகஜர்கள் எழுதுவதை விடப் பெறுமதியானது.

மென்பொருள் எப்படி வேலை செய்கிறது

இத்துறையை உயர்தரப் புவியியலில் "புவியியல் தகவல் முறைமை" என்ற பெயரில் அறிமுகம் செய்கிறோம். வரைவிலக்கணம், கூறுகள், பயன்கள் என்று எழுதி மனனம் செய்கிறோம். நீச்சலுக்கு வரைவிலக்கணம் எழுதியவர் நீந்தத் தெரிந்தவராகிவிட மாட்டார். இதுவும் அப்படித்தான், கையால் செய்தால்தான் விளங்கும்.

செய்வதற்குப் பணம் தடையில்லை. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருளை 2002ஆம் ஆண்டில் கெரி ஷெர்மன் என்பவர் தொடங்கினார். இன்று உலகின் பல நாடுகளிலுள்ள தொண்டர்கள் அதை வளர்த்து வருகிறார்கள். அதற்கு அனுமதிக் கட்டணம் கிடையாது; திருட்டுப் பிரதி எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒருமுறை தரவிறக்கி நிறுவிவிட்டால், தரவுகள் கையிலிருக்கும் வரை இணைய இணைப்பின்றியே வேலை செய்யலாம்.

அதன் அடிப்படை எளிமையானது. கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதைக் கற்பனை செய்யுங்கள். ஒரு தாளில் வீதிகள், அவை கோடுகள். இன்னொரு தாளில் கிணறுகள், அவை புள்ளிகள். மூன்றாவது தாளில் கிராம அலுவலர் பிரிவுகள். அவை மூடிய எல்லைகள், கணிதத்தில் நாம் பல்கோணி என்போமே, அவை. அடியில் ஒரு செய்மதிப் படம். காகிதப் படத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் பல்கோணிக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருப்பதுதான். கிணற்றைத் தொட்டால் அதன் ஆழமும் உவர்த்தன்மையும் தெரியும். பிரிவைத் தொட்டால் அதன் சனத்தொகை தெரியும். "பாடசாலையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் உவர் நீர்க் கிணறுகள் எத்தனை?" என்று கேட்கலாம், விடை கிடைக்கும்.

இலங்கையில் 14 ஆயிரத்துக்கும் அதிகமான கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் சனத்தொகை விபரங்கள் பிரிவு வாரியாக வெளியிடப்பட்டிருக்கின்றன. 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற திட்டம், எவரும் சேர்க்கவும் திருத்தவும் எடுத்துப் பாவிக்கவும் கூடிய உலக வரைபடத் தரவை வைத்திருக்கிறது. ஆகவே பயில்வதற்குத் தரவு இல்லை என்று சொல்ல முடியாது. உண்மையான சிரமம், அத்தரவைப் பொருத்திப் பார்க்கும் போதுதான் தொடங்கும். அந்தச் சிரமத்தில்தான் கல்வியும் இருக்கிறது.

இடம் தவறினால் எல்லாம் தவறும்

கல்முனை ஏறத்தாழ வட அகலக்கோடு 7.4 பாகையிலும், கிழக்கு நெடுங்கோடு 81.8 பாகையிலும் அமைந்துள்ளது. இந்த இரண்டு எண்களையும் அட்டவணையில் இடம்மாற்றி இட்டால் என்னவாகும்? அகலக்கோடு 81.8 ஆகவும் நெடுங்கோடு 7.4 ஆகவும் எடுத்துக் கொண்டு, மென்பொருள் எமது ஊரை ஆர்க்டிக் சமுத்திரத்தின் பனிக்கு நடுவில் கொண்டு போய் வைக்கும். "இது தவறல்லவா?" என்று அது கேட்காது.

இதிலும் நுட்பமான ஒரு பொறி எமது நாட்டுத் தரவுகளிலேயே இருக்கிறது. இலங்கையின் தேசிய நெய்யரி, பிதுருதலாகலை மலையைத் தொடக்கமாகக் கொண்டது. பழைய நெய்யரியில் அந்த மலைக்கு கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர் என்று பெறுமானம் கொடுக்கப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் அதே மலைக்கு 500,000, 500,000. பழைய முறையில் எடுத்த அளவுகளைப் புதிய முறை என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு புள்ளியும் 300 கிலோமீற்றர் மேற்கேயும் 300 கிலோமீற்றர் தெற்கேயும் நகர்ந்து, முழு நாடும் இந்து சமுத்திரத்துக்குள் இறங்கிவிடும். "இந்த எண் எந்த முறையில் அளக்கப்பட்டது?" என்று தரவு தந்தவரிடம் கேட்கும் பழக்கம், இதைக் கண்ணால் கண்ட மாணவிக்கு வாழ்நாள் முழுவதும் போகாது.

பெயர்களிலும் இதே கதைதான். எமது ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுத்துக்கூட்டுகிறது. எல்லைகள் உள்ள கோப்பில் ஒரு விதமாகவும், சனத்தொகை உள்ள கோப்பில் வேறு விதமாகவும் இருந்தால், இரண்டையும் இணைக்கும்போது அந்த ஊர் வெறுமையாக நிற்கும். பிரிவின் இலக்கம் "05" என்றிருந்ததை எக்செல் "5" என்று மாற்றிவிட்டாலும் அதே நிலைதான். ஓர் எழுத்துப் பிசகினால் ஓர் ஊரே படத்திலிருந்து காணாமற் போகிறது. திணைக்களப் படங்களிலும் அறிக்கைகளிலும் சில ஊர்கள் வெள்ளையாகத் தெரிந்தால், அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யாமல், தரவு இணைந்ததா என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

கிப்லாவும் எறியமும்

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் முறைகளை எறியங்கள் என்கிறோம். பரீட்சைக்காக அவற்றின் பெயர்களைப் படிக்கும் மாணவிக்கு, அது தன் வாழ்வோடு எங்கே தொடர்புபடுகிறது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அவள் ஒவ்வொரு நாளும் ஐந்து வேளை அதனோடு தொடர்புபடுகிறாள்.

கல்முனைக் கரையிலிருந்து புனித கஃபாவின் திசையைக் கோளத்தின் மீதான மிகக் குறுகிய பாதையாகக் கணித்தால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 294 பாகை வரும். மென்பொருளில் பொதுவாகப் பாவிக்கப்படும் மேர்கேட்டர் வகைப் படத்தின் மேல் கல்முனையையும் மக்காவையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துக் கோணத்தை அளந்தால், ஏறத்தாழ 289 பாகை வரும். ஐந்து பாகை வேறுபாடு. இரண்டு இடங்களும் மாறவில்லை, மென்பொருளும் பிழை விடவில்லை. தட்டையான தாளில் நேராகத் தெரியும் கோடு, உருண்டையின் மேல் மிகக் குறுகிய பாதையாக இருக்க வேண்டியதில்லை. இதனால் தொழுகையின் சட்டம் என்னவாகும் என்று பேசுவது என் வேலையன்று. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, எறியம் என்ற பாடத்தை இந்த ஒரு பயிற்சியால் அரை மணித்தியாலத்தில் விளங்க வைக்கலாம் என்பதைத்தான்.

எமது முன்னோர் இதை நன்கறிந்திருந்தார்கள். அல்-பிரூனி 1025ஆம் ஆண்டளவில் நகரங்களின் இட ஆள்கூறுகளைக் கண்டறிவது பற்றி ஒரு நூலே எழுதினார். கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் கணிப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. அல்-இத்ரீஸி 1154இல் சிசிலி மன்னனுக்காக ஆக்கிய உலகப் படத்தில் தெற்குத்தான் மேலே இருந்தது. மீலாத் விழாக்களில் இப்பெயர்களைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லிவிட்டு அமர்ந்து விடுகிறோம். அவர்கள் செய்த வேலையை எமது பிள்ளைகளின் கையில் கொடுப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அழகான படமும் பொய் சொல்லும்

மென்பொருள் கற்கத் தொடங்கியவர்களுக்கு முதலில் வரும் மயக்கம் நிறங்கள். ஒரு சொடுக்கில் மாவட்டம் முழுவதும் இளம் மஞ்சளிலிருந்து கடும் சிவப்பு வரை மாறிவிடும். பார்ப்பவர்கள் வியப்பார்கள். ஆனால் அந்தச் சிவப்பு எதைச் சொல்கிறது?

டெங்கை எடுத்துக்கொள்வோம். 2017ஆம் ஆண்டில் எமது நாட்டில் 186,000க்கும் அதிகமான நோயாளர்கள் பதிவானார்கள். அப்படியான ஒரு காலத்தில் நோயாளர் எண்ணிக்கையைப் பிரிவு வாரியாக நிறந்தீட்டுவது இயல்பே. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு பிரிவில் 3000 பேர் வாழ்கிறார்கள், 30 பேருக்கு நோய். மற்றதில் 600 பேர், 12 பேருக்கு நோய். எண்ணிக்கையை மட்டும் நிறந்தீட்டினால் முதற் பிரிவு சிவக்கும். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் முதற் பிரிவில் 10, இரண்டாவதில் 20. புகை அடிக்கும் குழு முதலில் எங்கே போக வேண்டும்? இரண்டு படங்களும் ஒரே தரவிலிருந்து வந்தவை. இரண்டும் நேர்த்தியாகவே இருக்கும். எதை எதனால் வகுப்பது என்பதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது வெள்ளப் படம். நிலத்தின் உயரம் பற்றிய தரவு எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்று ரேடார் மூலம் அளந்த தரவு அது. அதில் ஒரு கட்டம் 30 மீற்றருக்கு 30 மீற்றர். எமது ஊர்க் கணக்கில் சொன்னால், பத்துப் பேர்ச் வளவுகள் மூன்றுக்கும் மேல் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, எல்லாவற்றுக்கும் ஒரே உயரம் என்றாகிவிடும். உயரத்திலும் சில மீற்றர்கள் வரை பிழை இருக்கலாம். தென்னந்தோப்பின் உச்சியையும் வீட்டுக் கூரையையும்கூட அது நிலமாக எண்ணியிருக்கும். மலைநாட்டின் சரிவுகளைப் பார்க்க அது நல்ல தரவு. ஆனால் அரை மீற்றர் ஏற்ற இறக்கமே ஓர் ஒழுங்கை தாழுமா தாழாதா என்பதைத் தீர்மானிக்கும் எமது கரையோரத்தில், அத்தரவை வைத்து ஒழுங்கை ஒழுங்கையாக வெள்ளம் வரைவது ஏமாற்று. கணினி அதையும் நீல நிறத்தில் அழகாக வரைந்து தரும். ஆகவே இம்மென்பொருளைக் கற்பதன் முக்கியமான பகுதி, எந்த இடத்தில் அதன் விடையை நம்பக் கூடாது என்பதைக் கற்பதாகும்.

அடுப்படியில் இருக்கும் தரவு

அப்படியானால் எமது ஊர் வெள்ளத்தின் சரியான தரவு எங்கே இருக்கிறது? எமது உம்மாக்களிடமும் உம்மம்மாக்களிடமும் இருக்கிறது. எந்த மாரியில் தண்ணீர் அடுப்படிப் படியைத் தொட்டது, எந்த வருடம் கட்டிலின் கால் நனைந்தது, தோணாவின் வாய் மணலால் மூடுண்டு முகத்துவாரம் வெட்டப் பிந்தியபோது எந்த ஒழுங்கை எத்தனை நாள் நீரில் நின்றது, எந்த மதகடியில் நீர் முதலில் எதிர்த்து ஏறும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். விண்வெளியிலிருந்து அளந்த உயரத்தை விட, சுவரில் படிந்த நீர்க்கறையை அளவு நாடாவால் அளந்த உயரம் எமது தேவைக்கு நம்பத்தக்கது.

2024 நவம்பர் இறுதியில், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் நீரில் இழுத்துச் செல்லப்பட்டது. அவர்களில் பலரை நாம் இழந்தோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. ஒரு வரைபடம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் ஒரு வீதியின் எந்தத் துண்டு எத்தனை மணித்தியால மழையில் தாழும், எங்கே நீரோட்டம் இழுக்கும் என்ற அறிவு முதியவர்களின் நினைவில் மட்டும் தங்கியிருக்கும் வரை, அது அடுத்த ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கோ சாரதிக்கோ உதவாது என்பதை மட்டும் சொல்லலாம்.

இந்த அறிவைச் சேகரிக்க எமது மாணவியரை விடப் பொருத்தமானவர்கள் யார்? வீட்டு முற்றத்தில் நின்று வாப்பாவிடம் கேட்டுவிட்டுப் போகும் அலுவலர், அடுப்படி வரை போவதில்லை. மாணவி போவாள். அயல் வீட்டுப் பெண்கள் அவளை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, கறை படிந்த சுவரைக் காட்டுவார்கள். ஒழுங்கைக்குப் பத்து வீடு. வீட்டுக்கு ஓர் அளவு. எந்த வருடம், எத்தனை சென்ரிமீற்றர், எத்தனை நாள். கைபேசியில் இடத்தின் ஆள்கூறு. வீட்டுக்கு வந்து ஓர் அட்டவணை. அட்டவணையிலிருந்து ஒரு படம். ஒரு தவணைக்குள் ஒரு வகுப்பு தன் ஊருக்குச் செய்யக் கூடிய வேலை இது.

பெற்றோரின் ஐயங்கள்

"கலைப்பிரிவுப் பிள்ளைக்குக் கணினி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். விஞ்ஞானமும் கணிதமும் வராதவர்களுக்கே புவியியல் என்ற பேச்சு எம்மிடையே இன்னும் இருக்கிறது. மேலே சொன்னவற்றில் கோணமும் விகிதமும் அட்டவணையும் இல்லாத பகுதி எது? அதேவேளை, உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு நோய்ப் பரம்பலும், வர்த்தகம் படிக்கும் பிள்ளைக்குச் சந்தையும், தமிழ் படிக்கும் பிள்ளைக்கு ஊர்ப்பெயர்களும் இதே மென்பொருளில் ஆய்வுப் பொருளாகும். எந்தப் பிரிவுக்கும் இது அந்நியமன்று.

"படித்து என்ன தொழில்?" என்பது நியாயமான கேள்வி. நில அளவைத் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியவற்றின் வேலைகளில் இத்திறன் பயன்படுகிறது. மேலே படிக்க விரும்புவோருக்கு சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் புவித்தகவலியல் பீடமும், தியத்தலாவையில் நில அளவைப் பயிற்சி நிறுவனமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையும் உண்டு. ஆனால் மென்பொருள் தெரிந்தாலே வேலை நிச்சயம் என்று எவராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஒரு பாடத்தில் ஆழ்ந்த அறிவோடு இது சேரும்போதுதான் பயன் தரும்.

"பெண்பிள்ளை வெயிலில் அளவைக்குப் போவதா?" என்போருக்கு ஒரு வரலாறு. 1920இல் பிறந்த மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண், பெண் என்ற காரணத்தால் ஆய்வுக் கப்பல்களில் ஏற நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. கப்பலில் சென்ற ஆண்கள் கொண்டு வந்த ஆழ அளவுகளை மேசையிலிருந்து வரைந்து வந்த அவர், 1950களின் தொடக்கத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுமலைத் தொடரில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார், பின்னர் ஏற்றுக்கொண்டார். கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்துக்கு அந்தப் படம் பலம் சேர்த்தது. மேசையிலிருந்தும் பெரும் வேலை செய்யலாம் என்பதற்கு மட்டுமன்றி, கப்பலில் ஏற்றாமல் விட்டது அநியாயம் என்பதற்கும் இக்கதை சாட்சி. எமது பிள்ளைகள் மேசையிலும் செய்யட்டும். கள வேலைக்கும் குழுவாக, ஆசிரியையோடு போகட்டும்.

பாதுகாப்புப் பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டின் இடம், அங்கு வாழ்வோர் விபரம், கைபேசி இலக்கம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு படத்தைப் பொதுவெளியில் விடுவது ஆபத்தானது. ஆனால் மேசைக் கணினியில் இயங்கும் மென்பொருளில் நாம் வெளியிடும் வரை எதுவும் வெளியே போவதில்லை. பெயர்களைக் குறிக்காமல் அளவை மட்டும் எடுப்பது, வீடு வீடாகக் காட்டாமல் ஒழுங்கை வாரியாகத் தொகுத்துக் காட்டுவது, வீட்டாரின் சம்மதமின்றி எதையும் பதியாமலிருப்பது என்ற ஒழுங்குகளை முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டும். பிறருடைய தகவல் அமானிதம். இதைக் கற்ற பிள்ளை, தன் கைபேசியில் தன் இருப்பிடத்தை யார் பார்க்கிறார்கள் என்பதிலும் கவனமாக இருப்பாள். தடுத்து வைக்கப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கவனம் வராது.

கல்லூரி செய்யக் கூடியவை

பெரிய செலவோ சுற்றறிக்கையோ தேவையில்லை. தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு மட்டும் திறக்கப்படும் கணினி அறையை, வாரத்தில் ஒரு பிற்பகல் வரைபடக் குழுவுக்குத் திறக்கலாம். பன்னிரண்டாம் தரத்தில் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் மாணவியரைச் சேர்க்கலாம். முதல் மாதம் நிறங்களையும் அலங்காரங்களையும் தொடாமல், தரவு எங்கிருந்து வந்தது, எந்த முறையில் அளக்கப்பட்டது, எதனால் வகுக்கப்பட வேண்டும் என்பவற்றை மட்டும் பழகலாம். தமிழில் வழிகாட்டிக் குறிப்புகளை மாணவியரே எழுதி, அடுத்த வருடக் குழுவுக்குக் கையளிக்கலாம்.

ஒவ்வொரு மாரி முடிந்ததும் ஒழுங்கைகளின் நீர் அளவைச் சேகரித்து, கல்லூரி நூலகத்தில் ஆண்டு வாரியாக வைக்கலாம். ஐந்து வருடங்களில் அது எமது ஊரைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத ஆவணமாகும். பிரதேச செயலகத்திலோ மாநகர சபையிலோ வடிகான் பற்றிய கூட்டம் நடக்கும்போது, "தண்ணீர் நிற்கிறது" என்ற முறைப்பாட்டோடு "இந்த ஒழுங்கையில், இத்தனை சென்ரிமீற்றர், இத்தனை நாள்" என்ற படமும் மேசைக்குப் போகும்.

பெற்றோரிடம் வேண்டுவது இரண்டு. வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தால், அது மகனுடையது என்று ஒதுக்காமல் மகளுக்கும் நேரம் கொடுங்கள். அவள் அளவு நாடாவோடு அயல் வீட்டுக்குப் போகக் கேட்டால், உம்மாவும் ஒருமுறை கூடப் போங்கள். வட்டைப் பக்கம் நீர் நிறையும் காலம் இவ்வருடமும் ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் முதற் குழு தன் ஒழுங்கைகளை அளந்து முடித்திருக்க வேண்டும்.